பற்படலம் என்றால் என்ன? தினமும் பல் துலக்கியும் அது ஏன் தங்கிவிடுகிறது?

பல் துலக்கிச் சில மணி நேரம் கழித்து நாக்கு நுனியால் பல்லைத் தடவினால் மெல்லிய வழவழப்பு தட்டுப்படும். பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருவாக்கும் அந்தப் படிவுதான் பற்படலம். நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் கடினமான மேலுறையான எனாமலின் தாதுக்களைக் கரைப்பதால்தான் சொத்தை தொடங்குகிறது. நீக்காமல் விட்ட படலம் எச்சிலிலுள்ள கால்சியத்தால் இறுகிக் காரையாகிவிட்டால், வீட்டில் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல் மருத்துவர்தான் அகற்ற வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் படியும் வழுக்கலை நினைத்துப் பாருங்கள். எத்தனை முறை அலசினாலும் போகாத அது, தேய்த்தவுடன் பெயர்ந்து வந்துவிடும். வாய் கொப்பளிப்பது மட்டும் போதாது என்பதற்கும் இதுவே காரணம்.

பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம், பல்லும் ஈறும் சந்திக்கும் விளிம்பு. மென்மையான பிரஷ்ஷை அந்த விளிம்பை நோக்கி ஏறத்தாழ 45 பாகை சாய்த்து, சிறு சிறு அசைவுகளாக, கடைவாய்ப் பற்களின் உட்புறம் உட்பட எல்லாப் பக்கங்களையும் 2 நிமிடம் துலக்க வேண்டும். பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட் போதும். பல்லிடுக்கில் பிரஷ் நுழையாது என்பதால் அங்கே பல்லிடுக்கு நூல் தேவை. அமிலத்தைத் தணிக்கும் எச்சில் உறக்கத்தில் குறைவதால், இரவுத் துலக்கலைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

ஈறில் இரத்தம் கசிந்தால் அந்த இடத்தைத் தொடக் கூடாது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் அது அங்கே படலம் தங்கி ஈறு வீங்கியிருப்பதன் அறிகுறி என்பதால், அவ்விடத்தையே மென்மையாக, தவறாமல் துலக்க வேண்டும், கசிவு நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.