மார்கழி பனிக்கு பாலிஹவுஸ்ல ஹீட்டர் வேணுமா?

கெலமங்கலம் பக்கத்துலேர்ந்து ஒரு விவசாயி கேட்டிருக்காரு: 25 சென்ட் பாலிஹவுஸ்ல (பாலித்தீன் போட்டு மூடுன பயிர் கொட்டகை) குடைமிளகாய் போட்டிருக்கேன், மார்கழி தையில காய் சின்னதா சப்பையா முனை கூரா வருது, ஹீட்டர் வைக்கணுமா, இல்ல கருப்பு டிரம்ல தண்ணி ரொப்பி வச்சா போதுமா?

ஹீட்டர் வேண்டாம்ணா, காய் வித்த காசு டீசலுக்கே போயிடும். இது நோயும் இல்ல. ராத்திரி 15 டிகிரிக்கு கீழ இறங்குனா மகரந்தம் சரியா வேலை செய்யாது, அந்த காய ஒண்ண அறுத்து பாருங்க, உள்ள விதையே பேருக்குத்தான் இருக்கும், விதை சரியா பிடிக்காததாலதான் காய் பெருக்கல.

டிரம்முக்கு கணக்கு இதுதான். 200 லிட்டர் டிரம் பகல்ல 28 டிகிரிக்கு ஏறி விடியறதுக்குள்ள 20க்கு இறங்குச்சுன்னா அது விடுற சூடு சுமார் 1.9 யூனிட் கரண்டுக்கு சமம், ஆனா 25 சென்ட்ட ராத்திரி பூரா 4 டிகிரி தூக்கி நிறுத்தணும்னா நூறு டிரம்முக்கு மேல வேணும், அப்புறம் செடிய எங்க வைக்கிறது? சின்ன நாத்து ஷெட்டுக்குன்னா தாராளமா வைங்க, கருப்பு பெயின்ட் அடிச்சு வடக்கு ஓரமா நிறுத்துங்க, மார்கழியில சூரியன் தெக்கால சாஞ்சு போறதால வெயில் டிரம் மேல விழும், நாத்து டிரேக்கு நிழலும் கட்டாது. பொழுது சாஞ்சதும் டிரேயையும் டிரம்மையும் சேர்த்து வளைவு கம்பி மேல ஒரு மெல்லிசு ஷீட் போட்டு மூடிடுங்க.

பெரிய பாலிஹவுஸுக்கு தரைதான் டிரம். காஞ்ச மண்ணு மேலாக்க சூடேறி மேலாக்கவே ஆறிடும், ஈர மண்ணுதான் சூட்ட கீழ வரைக்கும் வாங்கி வச்சுக்கும், அதனால டிரிப்ப (சொட்டு நீர) சாயங்காலம் விடாம காலையிலயே விடுங்க. நான் பாக்குற பெரிய தப்பு, சைடு கர்ட்டன ஆறு மணிக்கு குளிர ஆரம்பிச்ச பிறகு இறக்குறது, அப்ப பிடிச்சு வைக்க உள்ள சூடே இருக்காது. மூணரைக்கே இறக்கிடுங்க, கிழிசல், கதவு இடுக்கு எல்லாத்தையும் அடைங்க. சாதா பாலித்தீன் வெயில உள்ள விடும், ஆனா மேகம் இல்லாத ராத்திரியில தரை விடுற சூட்ட வெளியவும் விட்டுடும், அதுக்குத்தான் செடிக்கு மேல தெர்மல் ஸ்க்ரீன், அதாவது சூட்ட தடுத்து வைக்கிற திரை, இழுக்கிறது.

மூடி வச்சா ஈரம் சேரும், விடியக்காலையில ஷீட்டோட உள்பக்கம் முத்து முத்தா கோத்துக்கிட்டு நின்னு இலை மேல சொட்டும், அப்படியே விட்டா சாம்பல் பூஞ்சாணம் வந்துரும், வெயில் ஏறுனதும் கர்ட்டன கொஞ்சம் தூக்கி காத்து விட்டுடுங்க.

மினிமம் மேக்சிமம் தெர்மாமீட்டர் ஒண்ண பூ இருக்குற உயரத்துல நிழலா கட்டி, ஒரு வாரம் ராத்திரி அளவ எழுதி அனுப்புங்க, ஸ்க்ரீனுக்கு செலவு பண்ணணுமா வேண்டாமான்னு அத பாத்து சொல்றேன்.