எழுத்து கரைந்த பிறகும் நின்ற வீச்சு: ஸாவோ வூ கீ பற்றிக் கேள்வி பதில்

சீனாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஓவியர் ஸாவோ வூ கீயின் (1920–2013) படங்களைக் குறித்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்றையே வேறு சொற்களில் கேட்டிருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அவரைச் சீன ஓவியர் என்பதா, பிரெஞ்சு ஓவியர் என்பதா?

அவருடைய கையொப்பமே இதற்குப் பதில் சொல்கிறது. ‘எல்லையற்றது’ என்று பொருள்படும் ‘வூ கீ’ என்ற தம் பெயரைச் சீன எழுத்திலும், ‘ஸாவோ’ என்ற குடும்பப் பெயரை லத்தீன் எழுத்திலுமாக அருகருகே எழுதிக் கையொப்பமிட்டார். பெய்ஜிங்கில் பிறந்து, சிறுவயதில் தாத்தாவிடம் எழுத்துப் பயின்று, 1935இல் ஹாங்சோ நுண்கலைப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியின் முதல்வர் லின் ஃபெங்மியன் பிரான்சில் படித்துத் திரும்பியவர். ஆகவே தூரிகையும் மையும் கற்பித்த அதே வளாகத்தில் தைல வண்ணமும் கற்பிக்கப்பட்டது. பழைய படங்களைப் பார்த்து நகலெடுக்கும் மரபு வகுப்பு ஸாவோவுக்குப் பிடிக்கவில்லை. மேற்கத்திய ஓவியமே அவரை ஈர்த்தது. 1948 ஏப்ரலில் பாரிஸ் வந்து இறங்கிய அன்று பிற்பகலே லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போனார். 1964இல் பிரெஞ்சுக் குடிமகனானார்.

கேள்வி: எனக்குச் சீனம் தெரியாது. எழுத்தைப் படிக்க முடியாதவர்கள் இந்தப் படங்களில் எதைத்தான் பார்க்க முடியும்?

சீனம் தெரிந்தவர்களாலும் ஸாவோவின் படங்களைப் படிக்க முடியாது, ஏனெனில் அவற்றில் படிக்கத்தக்க சொற்களே இல்லை. தூரிகையால் எழுத்தை அழகுற எழுதும் எழுத்தணிக்கலையிலும்கூட இது ஓரளவுக்கு உண்மை. தாங் அரசமரபுக் காலத்தில் வாழ்ந்த ஜாங் ஷூ, ஹுவாய்சூ ஆகிய இருவரும் எழுத்துகளை இணைத்து விரைந்து எழுதிய கட்டற்ற ஓட்டெழுத்தைப் பயிற்சியில்லாத சீனர்கள் தடுமாறித்தான் வாசிக்கிறார்கள். ஆயினும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அவை போற்றப்படுவதற்குக் காரணம், கை எங்கே விரைந்தது, எங்கே தயங்கியது, எங்கே மை தீர்ந்தது என்பதைக் கண்ணால் பின்தொடர முடிகிறது என்பதே. அப்படிப் பின்தொடர அகராதி தேவையில்லை.

கேள்வி: எழுதுவதும் வரைவதும் வேறு வேறு வேலைகள் அல்லவா? சீனத்தில் மட்டும் இரண்டும் எப்படி ஒன்றாயின?

கருவி ஒன்று என்பதால். தூரிகை, மை, காகிதம், மை உரைக்கும் கல் என்னும் நான்கும் எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் பொதுவானவை. எழுதப் பழகுகிறவர்கள் முதலில் பயிலும் எழுத்து ‘யோங்’. ‘என்றென்றும்’ என்பது அதன் பொருள். எட்டு அடிப்படைக் கோடுகளும் அந்த ஓர் எழுத்துக்குள் அடங்கியிருப்பதால் அதைத் தேர்ந்தார்கள். நான் சில ஆண்டுகளாக இதை எழுதிப் பார்த்து வருகிறேன். தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, நுனியை முதலில் எதிர்த்திசையில் சற்றே தள்ளி உள்ளே மறைத்து, அதன் பிறகே கோட்டை இழுக்க வேண்டும். முடிவிலும் நுனியைத் திருப்பி உள்ளே கொண்டுவந்து எடுக்க வேண்டும். இதற்குப் பயன்படும் ஷுவான் என்ற சீனக் காகிதம் மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மூச்சு நேரம் அதிகமாக நின்றால்கூட நுனியைச் சுற்றிக் கறுப்பு ஊறி வட்டமாகப் பரவிவிடும். மாறாக, உலர்ந்து வரும் தூரிகையை விரைவாக இழுத்தால் மயிர்கள் பிரிந்து, கறுப்புக்கு நடுவே காகிதம் மெல்லிய வெண்கீற்றுகளாகத் தெரியும். இதைப் ‘பறக்கும் வெண்மை’ என்கிறார்கள். ஆக, தயக்கம், விரைவு, அழுத்தம் ஆகிய அனைத்தும் காகிதத்தில் பதிவாகிவிடுகின்றன. மேற்கில் உருவங்களை வரையாத இருபதாம் நூற்றாண்டின் அரூப ஓவியர்கள் ‘கையசைவே ஓவியத்தின் பொருள்’ என்று கண்டுகொண்டபோது, அந்த எண்ணம் சீனத்தில் பன்னெடுங்காலமாகப் பள்ளிப் பாடமாக இருந்து வந்தது.

கேள்வி: ஸாவோவின் படத்துக்குள் எழுத்து எப்போது வந்தது, ஏன் மறைந்தது?

சீனத்தை விட்டு வந்த ஓவியருக்குச் சீனத்தின் எழுத்தைத் திருப்பிக் கொடுத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓர் ஓவியர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. 1951இல் பேர்ன் நகரில் பால் கிளேயின் படங்களை ஸாவோ நேரில் பார்த்தார். சிறு குறிகளை வெற்றுவெளியில் மிதக்கவிட்டு ஓர் உலகையே அமைக்கும் கிளேயின் முறையில் சீனக் கவிதை, ஓவியம் ஆகியவற்றின் மீதான நேசம் அவருக்குத் தெரிந்தது. அதன்பின் ஸாவோவின் படங்களில் இருந்த வீடுகளும் மரங்களும் படகுகளும் மெல்லிய கீறல்களாயின. 1954இல் வரைந்த ‘காற்று’ என்ற படத்தில் அந்தக் கீறல்கள் குறிகளாகவே மாறின. இன்று பாரிஸின் பொம்பிதூ மையத்துக்கு உரிய அந்த நெடிய படத்தில் குறிகள் மேலிருந்து கீழாக, சீன எழுத்து அடுக்கப்படும் திசையிலேயே, சருகுகள்போல் அலைகின்றன. அவற்றைப் பார்க்கும்போது ஷாங் அரசமரபினர் ஆமையோட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் குறிகேட்கச் செதுக்கிய மூவாயிரம் ஆண்டுப் பழமையான எழுத்துகள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒன்றுகூட உண்மையான எழுத்து அன்று.

குறிகள் மறைந்ததற்கு நான் காணும் காரணம் இது: போலி எழுத்து விரைவில் அலங்காரமாகிவிடும். ‘சீனத்துச் சரக்கு’ என்று எளிதில் முத்திரை குத்தி வாங்கப்படும் படங்களை வரைய ஸாவோ விரும்பவில்லை. ஐம்பதுகளின் இறுதிக்குள் குறிகள் கரைந்து, அவற்றை எழுதிய வீச்சு மட்டும் நின்றது. படங்களுக்குப் பெயரிடுவதையும் பெரும்பாலும் கைவிட்டு, முடித்த தேதியையே தலைப்பாக்கினார். அவருடைய கலை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் துணிபு.

கேள்வி: ஃபிரான்ஸ் கிளைன் போன்ற அமெரிக்கர்களும் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டவர்கள்தாமே? அதுவும் சீன எழுத்தணி என்று சொல்லலாமா?

கிளைன் அதை மறுத்தார். அவர் மறுத்தது நியாயமே. கறுப்பைப் பூசியதுபோலவே வெள்ளையையும் அவர் பூசினார். பல இடங்களில் வெள்ளை வண்ணம் கறுப்பின் ஓரத்தை வெட்டி உள்ளே ஏறி நிற்பதைப் படத்தின் அருகில் போனால் காணலாம். சீன எழுத்தணியில் வெண்மையை யாரும் பூசுவதில்லை. தொடாமல் விடப்பட்ட அந்தக் காகிதமே மூச்சுவிடும் இடம். மற்றோர் அமெரிக்க ஓவியரான மார்க் டோபியின் கதை வேறு: அவர் சியாட்டிலில் ஒரு சீன நண்பரிடம் தூரிகை பயின்று, 1934இல் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் சென்று வந்து, அடர்ந்த பின்புலத்தின் மீது வெண்கோடுகளை எழுத்துபோல் பின்னினார். இவ்விருவரையும் ஒரே வரிசையில் வைத்தால் இருவருக்குமே அநியாயம் செய்தவராவோம். ஸாவோ 1957இல் நியூயார்க் சென்றபோது அமெரிக்கர்களிடமிருந்து எடுத்துக்கொண்டவை பரப்பின் அளவும் துணிவும். தூரிகைப் பழக்கம் அவரிடம் முன்பே இருந்தது.

கேள்வி: மையில் திருத்த முடியாது; தைல வண்ணத்தில் எத்தனை முறையும் திருத்தலாம். அப்படியானால் அவருடைய தைல ஓவியத்தை எழுத்தணியோடு ஒப்பிடுவது மிகையில்லையா?

மிகச் சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மூச்சில் வந்ததுபோல் தோன்றும் அவருடைய பெரிய கித்தான்கள் பல நாள், சில சமயம் பல மாத உழைப்பில் உருவானவை. ‘1985 ஜூன்–அக்டோபர்’ என்ற தலைப்பே அதை ஒப்புக்கொள்கிறது. டர்பெண்டைன் கலந்து வண்ணத்தை நீர்க்கச்செய்து மைபோல் ஓடவிட்டார். காய்ந்ததும் அதன்மேல் மற்றொரு படலம். அதன்மேல் மீண்டும் மெல்லிய கோடுகள். எழுத்தணியின் திரும்பப்பெற முடியாத கணத்தை அவர் தைலத்துக்குள் கொண்டுவரவில்லை, கொண்டுவரவும் முடியாது. அவர் கொண்டுவந்தவை இரண்டு: கோட்டின் அழுத்தமும் தளர்வும் ஒன்று, நிறைந்த பகுதிக்கும் வெறுமைக்கும் இடையிலான கணக்கு மற்றொன்று. இவ்வளவில் நிறுத்திக்கொண்டு பேசினால் ஒப்பீடு மிகையாகாது.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்கள், அவர் மையால் வரையவே இல்லையா?

பாரிஸ் வந்த பிறகு நெடுங்காலம் மையை விலக்கியே வைத்திருந்தார். 1971 வாக்கில் இரண்டாம் மனைவி மேயின் நோய் முற்றியபோது பெரிய தைல ஓவியங்களில் அவருக்கு மனம் ஒன்றவில்லை. மையை எடுக்கும்படி தூண்டியவர் கவிஞரும் ஓவியருமான நண்பர் ஆன்றி மிஷோ. இவரே 1950இல் ஸாவோவின் எட்டு கல்லச்சுப் படங்களுக்குக் கவிதை எழுதியவர். 1972இல் மே இறந்தார். அவர் நினைவாக அதே ஆண்டு செப்டம்பர் 10 தேதியிட்டு ஸாவோ வரைந்த, ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஓவியம் தைலத்தில் ஆனதே. ஆனாலும் அதில் மை அறிந்த கையைக் காண்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தள்ளி வைத்திருந்த ஊர்ப் பழக்கத்தைத் துயரம் திரும்பக் கொண்டுவந்ததாகவே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: ஏலத்தில் பெரும் விலைக்குப் போனது எந்தப் படம்?

மேலே சொன்ன ‘1985 ஜூன்–அக்டோபர்’. பத்து மீட்டர் நீளம். கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் சிட்டிக்காகக் கேட்டு வரைவித்தது. 2018இல் ஹாங்காங்கில் சுமார் 51 கோடி ஹாங்காங் டாலருக்கு விற்றது.

கேள்வி: இந்த வழியில் இன்று இயங்குபவர்களில் யாரைப் பார்க்கலாம்?

வாங் தோங்லிங்கைப் பாருங்கள். 1945இல் பிறந்தவர், ஹாங்சோவில் கற்பித்தவர். இவர் ஸாவோவுக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறார்: ஓவியத்திலிருந்து எழுத்தை நோக்கி வராமல், மரபான எழுத்தணியில் தேர்ந்த பிறகு அதை அரூபத்தின் விளிம்புவரை கொண்டுபோகிறார். தரையில் விரித்த பெருங்காகிதத்தின் மீது நடந்தபடியே பழங்கவிதையை எழுதுவார். ஒரு வரிசை அடுத்த வரிசையின் மீது ஏறிப் பின்னிக்கொள்ளும். ‘குழப்ப எழுத்து’ என்று இதற்குப் பெயர். ஸாவோவிடம் எழுத்து இல்லை, எழுதும் கை இருக்கிறது. வாங்கிடம் ஒவ்வோர் எழுத்தும் உண்மையாகவே எழுதப்பட்டிருக்கிறது, நம்மால்தான் பிரித்தெடுக்க முடிவதில்லை.

கேள்வி: படங்களை இணையத்தில்தான் பார்க்க முடிகிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

‘காற்று’, அதன்பின் மே நினைவுப் படம் என்ற வரிசையில் பாருங்கள். முதலாவதில் குறிகளை ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே பின்தொடருங்கள். இரண்டாவதில் கறுப்புத் திரண்ட இடத்தை விட்டுவிட்டு, ஒளி படர்ந்த பகுதிகளில் மட்டும் சற்று நேரம் கண்ணை நிறுத்துங்கள். கறுப்பு அங்கே எந்த இடத்தில் மெலிந்து நின்றுவிடுகிறது என்று தேடுங்கள்.