ஓவியர் ஒருவர் தன் வீட்டையும் ஓவியக்கூடத்தையும் இத்தாலி பாணியில் தானே வடிவமைக்க முடியுமா? கொங்கு நாட்டு வெயிலுக்கு அது ஒத்து வருமா?

தாராளமாக முடியும். உடுமலைப் பக்கம் நானே வரைந்து கட்டிய வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஆசை காட்டியது மியூனிக் நகரத்து வில்லா ஸ்டுக். ஃபிரான்ஸ் ஃபான் ஸ்டுக் என்ற ஓவியர் 1897-98இல் தனக்காக இத்தாலி பாணியில் வடிவமைத்துக் கட்டிய வீடு. நாற்காலி, மேஜை வரை அவரே வரைந்தார். அந்த மரச்சாமான்களுக்கு 1900 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கமும் கிடைத்தது.

ஆனால் இத்தாலி நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லைங்க. பழைய ரோமானிய வீட்டில் நடுக்கூரை திறந்திருக்கும், மழைத்தண்ணீர் கீழே ஒரு தொட்டியில் விழும். என் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தொட்டிக்கட்டு வீட்டிலும் நடுவில் வானம் பார்த்த வாசல், சுற்றிலும் தாழ்வாரம், முன்னால் ஆசாரம் என்கிற கூடம். அதையே எடுத்துக்கொண்டு, தாழ்வாரத்துக்கு மட்டும் செங்கல் வளைவுகள் வைத்தேன். சுவருக்குச் சுண்ணாம்புக் காரை, மேலே காவி.

ஓவியக்கூடம்தான் பாடாய்ப் படுத்தியது. வடக்கு வெளிச்சம் மாறாதது என்று படித்து வடக்கே பெரிய ஜன்னல் வைத்தேன். ஐரோப்பாவில் உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும். நம் ஊர் 11 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருப்பதால், சித்திரை தொடங்கி ஆவணி பிறக்கும் வரை வடக்கே சாய்ந்துவிடும். முதல் வைகாசியில், காலை எட்டு மணிக்கு, வரைந்துகொண்டிருந்த பாட்டியின் கன்னத்தில் வெயில் பட்டை விழுந்தது. நிழலுக்கு நான் குழைத்த நீலம் அந்த வெளிச்சத்தில் பச்சையாகத் தெரிந்தது. உச்சி வெயிலுக்கு இரண்டடி சன்ஷேடு போதும். காலை, மாலைச் சாய்வெயிலை அது தடுக்காது. அப்புறம் ஜன்னலை நாலடி அகலத் துண்டுகளாகப் பிரித்து, இடையிடையே இரண்டடி நீட்டிய நெட்டுச்சுவர் எழுப்பினேன். இப்போது வெளிச்சம் பால் மாதிரி விழுகிறது.

மேற்கே ஜன்னலே வேண்டாம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியோடு வரும். காயாத எண்ணெய் வண்ணத்தில் ஒட்டிய மண்ணை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறேன். கம்பிக் கணக்கு, அஸ்திவாரம் எல்லாம் இன்ஜினியரிடம் விட்டுவிடுங்கள். பிளானை முடிவு செய்யும் முன் ஆனியில் ஒரு நாள், மார்கழியில் ஒரு நாள் மனையில் கழி நட்டு, மணிக்கு ஒருமுறை நிழல் விழும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துப் பாருங்கள்.