வாசகர் கேள்வி – பதில்: மலாய் வரலாற்று நாவல்கள்

கேள்வி: ஹருன் அமினுர்ரஷீத் எழுதிய ‘பங்லிமா ஆவாங்’ நாவலின் நாயகன் உண்மையில் வாழ்ந்தவரா?

பதில்: ஆள் உண்மை, பெயர் கற்பனை. 1511-இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்த காலத்தில், பின்னாளில் உலகைச் சுற்றக் கிளம்பிய கப்பல் தலைவர் மெகல்லனிடம் அடிமையாகச் சேர்ந்தவர் அவர். ஏடுகளில் அவர் பெயர் என்ரிக்கே. 1519-இல் எழுதிய உயிலில் மெகல்லன் அவரை மலாக்காவில் பிறந்தவர், ஏறக்குறைய 26 வயது என்கிறார். தாம் இறந்ததும் அவருக்கு விடுதலையும் 10,000 மரவேடி என்ற ஸ்பானிய நாணயமும் தரச் சொல்கிறார். உடன் பயணம் செய்த பிகாஃபெட்டாவோ அவரைச் சுமாத்ராக்காரர் என்று எழுதிவைத்தார். மெகல்லன் 1521 ஏப்ரல் 27-இல் பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் இறந்த பிறகு உயிலை யாரும் மதிக்கவில்லை. மே 1 அன்று பக்கத்துத் தீவான செபுவில் நடந்த விருந்தில் மாலுமிகள் பலர் வெட்டப்பட்டார்கள். அதன்பின் என்ரிக்கே ஊர் திரும்பினார் என்று சொல்லும் ஆவணம் ஒன்றுகூட இல்லை. நாவல் அங்கேதான் நுழைகிறது. அவரைத் தாயகத்துக்குக் கொண்டுவருகிறது. 1958-இல், மலாயாவின் விடுதலைக்கு மறு ஆண்டு வந்த நூல் அது. அடிமைக்கு ‘பங்லிமா’, அதாவது படைத்தலைவன் என்ற பட்டம் சூட்டியதன் வலிமை அந்த ஆண்டை நினைத்துப் பார்த்தால் புரியும். ஆனால் ‘ஆவாங் உலகைச் சுற்றினார்’ என்பதைச் சரித்திரமாக மேற்கோள் காட்டாதீர்கள்.

கேள்வி: மலாக்கா வீரன் ஹங் துவாவின் கதையில், அரண்மனையில் கலகம் செய்த தோழன் ஹங் ஜெபாட்டா, ஹங் கஸ்தூரியா?

பதில்: ‘ஹிக்காயாட் ஹங் துவா’வில் ஜெபாட். மலாய் அரசர்களின் வரலாறு சொல்லும் ‘செஜாரா மெலாயு’ நூலின் ராஃபிள்ஸ் 18 எனப்படும் கைப்பிரதியில் கஸ்தூரி. இரண்டையும் கலந்தால் கதை நொண்டும்.

கேள்வி: மலாக்காவின் தமிழ் வணிகர்களை வைத்து நாவல் எழுத ஆசை. எங்கே தொடங்கலாம்?

பதில்: ‘செஜாரா மெலாயு’வின் பிற்பகுதியில். நீனா சுரா தேவனா, ராஜா மெண்டெலியார் என்று இருவர் வருகிறார்கள். நயினா, முதலியார் என்று காதில் விழுகிறதல்லவா? இருவருக்கும் வழக்கு, தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர், துன் முத்தாஹிர். சுரா தேவனா பொன்னோடு அவரிடம் போன செய்தியைக் கித்துல் என்பவன் அறிகிறான். அவன் மெண்டெலியாருக்குக் கடன்பட்டவன். இரவோடு இரவாக அவர் கதவைத் தட்டிச் சேதியைச் சொல்கிறான், கடன் தள்ளுபடியாகிறது. பயந்துபோன மெண்டெலியார் முடுக்கிவிட்ட புகார் அரசர் காதுக்கு எட்டி, பண்டஹாராவின் உயிரையே குடித்தது. அந்தக் கதவு தட்டும் ஓசையில் முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்!

ஒரு எச்சரிக்கை. இந்த நூலை 1612-இல் ஜொகூரில் திருத்தி எழுதிய துன் ஸ்ரீ லானாங்கும் பண்டஹாரா வம்சத்தவர்தான். முத்தாஹிர் மேல் உள்ள பரிவை அப்படியே நம்பிவிடாமல், 1512-இல் மலாக்காவுக்கு வந்த போர்த்துகீசியர் தோமே பிரெஸின் குறிப்புகளோடு ஒப்பிடுங்கள். நூல் சம்பவங்களுக்கு ஆண்டு சொல்லாது. ஆட்சி வரிசையை வைத்து நீங்களே கணக்கிட வேண்டும். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: ஏடு சொல்வது, வெளிநாட்டார் சொல்வது, நான் சேர்ப்பது. மூன்றாவது பத்தியில் இருப்பது முதல் இரண்டோடு மோதினால் அடித்துவிடுங்கள்.

அதிகம் வழுக்குவது சமையலறைக் காட்சியில். 1511-க்கு முந்தைய மலாக்காவில் மிளகாய் கிடையாது. புகையிலையும் மக்காச்சோளமும்கூட அமெரிக்காவிலிருந்து பிறகு வந்தவை. உங்கள் வணிகர் வீட்டு அம்மியில் மிளகுதான் அரைபட வேண்டும்.