மாடித்தோட்டம் கேள்வி-பதில்: ஓட்டை இல்லாத தொட்டி வேண்டவே வேண்டாம்

கேள்வி: தினமும் தவறாமல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறேன். இலை பழுத்துக் கொட்டுகிறது. என்ன உரம் போடலாம்?

பதில்: என்ன செடி, எவ்வளவு பெரிய தொட்டி, எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, எதையும் எழுதாமல் உரம் கேட்டால் எப்படிச் சொல்வது? பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகியிருக்கும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு ஊற்றாதீர்கள். காய்ந்திருந்தால், அடி ஓட்டையில் வழியும் வரை ஊற்றுங்கள். உரம் பிறகு.

கேள்வி: தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய பையில் ஊற்றும் தண்ணீர் உடனே கீழே ஓடிவிடுகிறதே?

பதில்: நார்க்கழிவு ஒரேயடியாகக் காய்ந்தால் தண்ணீரை வாங்காது, ஓரமாக வழிந்துவிடும். சின்னப் பையை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். பெரிய பைக்குப் பத்து நிமிட இடைவெளியில் மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

கேள்வி: அழகான பீங்கான் தொட்டி வாங்கினேன். அடியில் ஓட்டை இல்லை. கூழாங்கல் பரப்பினால் போதும் என்றார் கடைக்காரர். சரிதானே?

பதில்: சரியில்லை. இந்த யோசனையைக் கேட்டுச் செடியைப் பறிகொடுத்தவர்கள் மாதாமாதம் எனக்கு எழுதுகிறார்கள். மேலே உள்ள மண் முழுக்க ஊறித் ததும்பினால்தான் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும். அதுவரை கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும். அதாவது, கல் போட்டால் ஈர மண் வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. இறங்கிய தண்ணீருக்கும் வெளியே போக வழியில்லை. வேருக்குக் காற்று வேண்டும். அது கிடைக்காமல் அழுகும். செடி வாடும், தாகம் என்று நினைத்து நீங்கள் மேலும் ஊற்றுவீர்கள். செடி வளர்க்கவென்று விற்கும் பாத்திரத்தில் ஓட்டை போடாமல் விற்பது பெரிய தவறு. கண்ணாடி, டைல்ஸ் துளையிடும் பிட் வைத்து, தண்ணீர் சொட்டவிட்டபடி மெதுவாக ஓட்டை போடுங்கள். முடியாவிட்டால், ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து அதை இதற்குள் இறக்குங்கள். தேங்கியதை அன்றன்றைக்குக் கொட்டிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்: டெங்கு கொசு முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

கேள்வி: தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுகிறது.

பதில்: ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுகிறீர்கள். ஈரம் ஏறி இறங்கினால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராது. 12 அங்குலத்துக்குக் குறைந்த பையில் தக்காளி வைக்காதீர்கள்.

கேள்வி: அரை அடிக் கறிவேப்பிலைக் கன்றை நேராகப் பெரிய டிரம்மில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். எட்டு அங்குலத் தொட்டியில் தொடங்கி, வேர் நிறைந்ததும் மாற்றுங்கள்.

கேள்வி: மொட்டை மாடிக்கு மண் தொட்டியா, பிளாஸ்டிக்கா?

பதில்: வேருக்கு மண் தொட்டி நல்லது, ஆனால் கத்திரி வெயிலில் காலையும் மாலையும் ஊற்ற ஆள் வேண்டும். ஒரு 12 அங்குலத் தொட்டி நனைந்தால் 20, 25 கிலோ வரும். வரிசையாகத் தூண், பீம் மேல் வையுங்கள், தளத்தின் நடுவில் குவிக்காதீர்கள். எந்தத் தொட்டியானாலும் வாங்குமுன் கவிழ்த்து ஓட்டையைப் பாருங்கள்.