ராட்டின வரிசையில் சிகரெட்: யாரைப் போய்க் கேட்பது?

பள்ளி விடுமுறை முடிந்ததும் வந்த கடிதங்களில் பூங்காக்களைப் பற்றிய புகார்தான் அதிகம். ரைடு, சாப்பாட்டு விலை எல்லாம் இன்னொரு வாரம் பார்ப்போம். இந்த வாரம் புகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: குடும்பத்தோடு ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனோம். ரைடு வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் சிகரெட் பற்றவைத்தார். என் சின்னவனுக்கு வீசிங் உண்டு. செக்யூரிட்டியிடம் சொன்னால், "வெட்டவெளிதானேம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்கிறார். ஆபீசிலும் அதே பதில். வெட்டவெளி என்றால் சட்டம் கிடையாதா?
(வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: சட்டம் இருக்கிறதும்மா, தெளிவாகவே இருக்கிறது. உங்களுக்குச் சொன்னது பாதி உண்மை, அதனால்தான் அந்தப் பதில் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2003-ல் வந்த மத்திய அரசின் புகையிலைப் பொருட்கள் சட்டம், சுருக்கமாக 'கோட்பா' என்பார்கள், அதன் 4-வது பிரிவு பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்கிறது. எவையெல்லாம் பொது இடம் என்று மருத்துவமனை, உணவகம், நீதிமன்றம், நூலகம் என அடுக்கும்போது கேளிக்கை மையங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அதே வாக்கியத்தின் கடைசியில் 'திறந்தவெளி இதில் சேராது' என்று ஒரு வால் உண்டு, பூங்காக்காரர்கள் பிடித்துத் தொங்குவது அந்த வாலைத்தான். ஆனால் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் அந்த வாலை நறுக்கிவிட்டன. திறந்தவெளி அரங்கம், ஸ்டேடியம், ரயில் நிலையம், பஸ் ஸ்டாப் போல மக்கள் வந்து போகிற இடங்கள் அந்த விலக்குக்குள் வராது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களை உள்ளே விடுகிற பூங்கா மட்டும் எப்படி வெறும் வெட்டவெளி ஆகும்?

அதுவும் வரிசை! இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும், மேலே தகரக் கூரை, முன்னால் ஒரு குடும்பம், பின்னால் ஒரு குடும்பம். தள்ளி நில்லுங்கள் என்றால் எங்கே தள்ளி நிற்பது? அரை மணி நேரம் நின்று பிடித்த இடத்தை விட்டு வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் வழி. தப்பு செய்தவர் நின்ற இடத்திலேயே நிற்க, வீசிங் இருக்கிற பிள்ளை போக வேண்டும் என்பதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது. நம் வடசென்னைக் குடும்பங்கள் இப்படிப் பெரிய பூங்காவுக்குப் போக வேண்டுமானால் ஊரைக் கடந்து ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைக்கோ பூந்தமல்லி பக்கமோ போக வேண்டும், விடியற்காலையில் எழுந்து, பஸ் மாறி, சேர்த்துவைத்த காசைக் கொடுத்து. அந்த ஒரு நாளாவது பிள்ளை நிம்மதியாக மூச்சு விட வேண்டாமா?

இனி யாரைக் கேட்பது என்பதற்கு வருகிறேன். செக்யூரிட்டியைக் கேட்டுப் பயனில்லை, அபராதம் போடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. விதிப்படி, யாரும் புகை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உரிமையாளர், மேலாளர், பொறுப்பில் இருப்பவர் ஆகியோரின் வேலை. நுழைவாயிலில் குறைந்தது 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் வெள்ளைப் பலகை இருக்க வேண்டும், 'இங்கு புகை பிடிப்பது குற்றம்' என்று. அது போதாது, யாரிடம் புகார் சொல்வது என்று ஒரு ஆளின் பெயரும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தாக வேண்டும். உள்ளே போனதும் அந்தப் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் அதுவே முதல் புகார். இருந்தால் அவரிடமே போங்கள், நேரம், இடம், எந்த ரைடு என்று எழுதிக் கொடுத்து, கொடுத்ததை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் புகார் வந்தும் பொறுப்பாளர் கண்டுகொள்ளாமல் விட்டால், எத்தனை பேர் விதியை மீறினார்களோ அத்தனை பேருக்கான அபராதம் அவர் தலையில் விழும் என்று அதே விதி சொல்கிறது. புகை பிடித்தவருக்கு மத்தியச் சட்டப்படி அதிகபட்சம் 200 ரூபாய்தான், நுழைவுச் சீட்டு விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. கர்நாடகா தன் பங்குக்கு அதை 1000 ஆக்கியிருக்கிறது. தொகை சின்னதாக இருப்பதால்தான் புகாரை எழுத்தில் கொடுங்கள் என்கிறேன், வாயால் சொன்னது அங்கேயே காற்றில் போய்விடும்.

கேள்வி: நான் சிகரெட் பிடிப்பவன், மறைக்கவில்லை. காலையில் உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வருகிறோம். நடுவில் வெளியே போனால் மறுபடியும் விட மாட்டார்கள். அப்புறம் எங்களைத் திட்டினால் எப்படி? உள்ளேயே ஒரு மூலை ஒதுக்கக் கூடாதா?
(வாசகர், திருவொற்றியூர்)

பதில்: நியாயமான கேள்வி அண்ணே. ஆனால் உள்ளே மூலை ஒதுக்க முடியாது. புகைப்பதற்குத் தனி இடம் வைத்துக்கொள்ள விதி இடம் கொடுப்பது 30 அறைகளுக்குக் குறையாத ஹோட்டலுக்கும், 30 பேருக்குக் குறையாமல் உட்கார வசதியுள்ள உணவகத்துக்கும், விமான நிலையத்துக்கும்தான். அதுவும் நான்கு பக்கமும் சுவர் எழுப்பி, புகை தனியாக வெளியே போகும்படி செய்த அறையாக இருக்க வேண்டும். கழிவறைக்குப் பின்னால் நாலு செங்கல்லைப் போட்டு உட்கார வைப்பது அந்தக் கணக்கில் வராது.

ஆனால் கேட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வர அனுமதிக்கலாமே! கையில் ஒரு சீல், அல்லது காகிதப் பட்டை, அவ்வளவுதான் செலவு. அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்கள் ரொம்ப காலம் உள்ளேயே புகைக்க இடம் ஒதுக்கி வைத்திருந்தன, 2019 மே 1 முதல் அதை எடுத்துவிட்டு நுழைவாயிலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். பிடிக்க வேண்டியவர் வெளியே போய்ப் பிடித்துவிட்டு வருகிறார். போக வழியே இல்லாமல் அடைத்து வைத்தால் மறைவிடம் தேடத்தான் செய்வார்கள், அதில் உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இந்த வசதியைக் கேட்டு நீங்களும் பூங்காவுக்கு எழுதுங்கள், உங்களைப் போன்றவர்கள் கேட்டால் அதற்கு எடை அதிகம். விட வேண்டும் என்று எப்போதாவது தோன்றினால், சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 இலவச எண்தான். கூப்பிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: நானே ஒரு பூங்காவில் ரைடு ஓட்டுகிறவன். பிடிக்காதீர்கள் என்று சொன்னால் கூட்டமாகச் சண்டைக்கு வருகிறார்கள். மேனேஜரிடம் போனால் "கஸ்டமரிடம் வம்பு வேண்டாம்" என்கிறார். நான் என்ன செய்ய?
(வாசகர், எண்ணூர்)

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. சம்பளம் குறைவு, வெயிலில் நிற்பது நீங்கள், அடி விழுந்தாலும் உங்களுக்கு. ஒருவரிடம் நேருக்கு நேர் போய்ச் சொல்லாதீர்கள், அது அவருடைய மானப் பிரச்சினையாகிவிடும், கூட வந்தவர்கள் முன்னால் அவர் இறங்கிவர மாட்டார். உங்கள் கையில் மைக் இருக்கிறது, பட்டன் இருக்கிறது. "வரிசையில் யாராவது சிகரெட் வைத்திருந்தால் அணைத்துவிடுங்கள், அணைத்த பிறகுதான் ரைடு கிளம்பும்" என்று பொதுவாக அறிவித்துவிட்டு அமைதியாக நில்லுங்கள். சீட்டில் ஏறி உட்கார்ந்தவர்களே திரும்பிப் பார்த்து "அண்ணே, அணைச்சிடுங்க" என்று கேட்பார்கள். பெல்ட் சரியாக மாட்டாதவர் இருந்தால் நீங்கள் ரைடை எடுப்பீர்களா? அதே நிதானம் இதற்கும் போதும்.

ஆனால் மேனேஜர் பின்னால் நிற்காவிட்டால் இது ரெண்டு நாளுக்கு மேல் நடக்காது. அபராதப் பொறுப்பு அவருடையது என்று முதல் பதிலில் எழுதியிருக்கிறேன், இந்தப் பக்கத்தை அவர் மேஜையில் வைத்துவிடுங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், பத்திரிகை பேசட்டும்.

கேள்வி: வேப் பிடித்தால் தப்பில்லை என்கிறானே என் மகன்?
(வாசகி, வியாசர்பாடி)

பதில்: 2019-லேயே வேப் என்கிற இ-சிகரெட்டைத் தயாரிக்க, விற்க, விளம்பரம் செய்ய நாடு முழுக்கத் தடை வந்துவிட்டது. கடையில் சட்டப்படி வாங்கவே முடியாத பொருள் அவன் கைக்கு எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் மணலிக்காரர்கள். ரிஃபைனரிப் புகை, லாரிப் புகை என்று தினமும் சுவாசிக்கிறோம். இதில் ஒரு சிகரெட்டுக்கு இவ்வளவு பேச்சு தேவையா?
(வாசகர், மணலி)

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மக்கள் கண் எரிச்சலோடு வீட்டை விட்டு ஓடியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். ஆனால் அதனால்தான் நான் விடாமல் எழுதுகிறேன். ஏற்கெனவே நெஞ்சு இறுகிப்போன பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் புகை என்றால் அது கொஞ்சம் அல்ல. அடுத்தவர் விடும் புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆலைப் புகையை நிறுத்த நாம் கூட்டமாகப் போராட வேண்டியிருக்கிறது, பக்கத்தில் நிற்பவரின் சிகரெட்டை நிறுத்த ஒரு அறிவிப்பு போதும். அது மட்டும் ஏன் நடக்கக் கூடாது?

கேள்வி: எங்கள் தெருத் திருவிழாவுக்கு ராட்டினம், பேய் வீடு எல்லாம் வாடகைக்கு வருகிறது. நாலு நாள்தானே, இதற்கும் விதி உண்டா?
(வாசகர், ராயபுரம்)

பதில்: உண்டு, மக்கள் வந்து போகிற இடம்தானே, முதல் பதிலில் சொன்ன அதே புகை விதிதான். நாலு நாள் என்பதால்தான் எனக்குப் பயமே அதிகம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1984 மே 11 அன்று ஒரு பெரிய பூங்காவின் பேய் வீட்டில் தீப்பிடித்து 8 பதின்ம வயதுப் பிள்ளைகள் இறந்தார்கள். இருட்டில் வழி தெரிய ஒருவர் லைட்டரைக் கொளுத்தியதில் சுவரில் ஒட்டியிருந்த நுரை மெத்தையில் தீப் பிடித்ததாகச் சொன்னார்கள். லாரி டிரெய்லர்களை ஒன்றோடொன்று சேர்த்து அமைத்த இடம் அது, தற்காலிக அமைப்பு என்று சொல்லித் தீத்தடுப்பு ஏற்பாடுகள் இல்லாமலே விட்டிருந்தார்கள். நம் ஊர்ப் பேய் வீட்டை நினைத்துப் பாருங்கள், கறுப்புத் துணி, தார்ப்பாய், பக்கத்திலேயே டீசல் ஜெனரேட்டர்.

வாடகை பேசும்போதே கமிட்டியில் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள்: பேய் வீட்டு வாசலில் ஒரு ஆள் நிற்க வேண்டும், சிகரெட், பீடி, லைட்டர், தீப்பெட்டி எதுவும் உள்ளே போகக் கூடாது, பின்பக்கம் இன்னொரு வழி திறந்தே இருக்க வேண்டும், மணல் வாளியும் தீயணைப்பானும் ஜெனரேட்டர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒத்துக்கொள்ளாதவருக்கு இந்த வருஷம் இடம் கொடுக்காதீர்கள்.