சாய்ந்த மரங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் கடைசி ஆண்டு படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு எட்டு வாரம் அனுப்பியிருக்கிறார்கள். பாடங்களை ஓவியம், பாட்டு, நடிப்பு வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்பது என் ஆசை. கதையை நடிக்கவைத்தேன், பெருக்கல் வாய்பாட்டைத் தாளம் தட்டிச் சொல்லவைத்தேன். பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வகுப்பு சத்தமாகிவிடுகிறது, வண்ணத்தைக் கையில் எடுத்தால் துடைத்து முடிக்கவே கால்மணி நேரம் போகிறது. எனக்கு வரையவும் வராது. என் வழிகாட்டி ஆசிரியை நல்லவர், ஆனால் "இதையெல்லாம் வாரக் கடைசியில் வைத்துக்கொள்" என்கிறார். கலை கற்றால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று ஆதாரம் காட்டினால் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த ஆய்வுகள் இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. நிலவடிவங்கள் பாடத்துக்காக மலை வரையச் சொன்னேன். ஒரு பையன் மலைச்சரிவில் இருந்த மரங்களையெல்லாம் சாய்த்து, விழப்போவதுபோல வரைந்திருந்தான். மறுநாள் கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வருவதாக இருந்தது. அவன் வீட்டுக்குப் போனபிறகு அந்த மரங்களை அழித்துவிட்டு நேராக வரைந்து சுவரில் ஒட்டினேன். வந்தவர் அந்தப் படத்தைத்தான் பாராட்டினார். அதற்குப் பிறகு அவன் வரைவதே இல்லை. "நீங்களே வரைஞ்சு குடுங்க டீச்சர்" என்று தாளை நீட்டுகிறான். அவனை எப்படி ஊக்கப்படுத்துவது?

ஒரு பயிற்சி ஆசிரியை
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

பயிற்சி என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அந்தப் பையனுக்கு நீங்கள் டீச்சர்தான், பயிற்சியில் இருக்கிற டீச்சர் என்று அவனுக்குத் தெரியாது.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் இரண்டு பெட்டிகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்டவை.

சத்தம் இருக்கட்டும். ஏழு வயதுப் பிள்ளைகள் ஒரு அறை நிறைய உட்கார்ந்து வேலை செய்தால் சத்தம் வரத்தான் செய்யும், எது வேலைச் சத்தம் எது கூச்சல் என்று கொஞ்ச நாளில் உங்கள் காதுக்கே பிடிபடும். துடைக்கிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், ஈரத்துணியைப் பிழிவதற்குச் சண்டையே நடக்கும். உங்களுக்கு வரைய வராது என்பதை இன்னொரு தடவை யாரிடமும் சொல்லாதீர்கள், முக்கியமாகப் பிள்ளைகள் காதில் விழும்படி.

ஆய்வு விஷயம். கலை கற்றால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று உங்கள் வழிகாட்டி ஆசிரியையிடம் போய் நிற்காதீர்கள். 1993இல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிடம் மொசார்ட்டின் இசையைக் கேட்கவைத்து, மடித்து வெட்டிய தாள் விரித்தால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் கண்டுபிடிக்கிற மாதிரியான கேள்விகளைக் கொடுத்தார்கள். கொஞ்சம் கூடுதலாகச் செய்தார்கள், அந்தக் கூடுதலும் கால்மணி நேரத்தில் கரைந்துபோனது. அவ்வளவுதான் நடந்தது. அதை வைத்துத் தொட்டில் குழந்தைக்கு மொசார்ட் போட்டால் மேதையாகிவிடும் என்று வியாபாரம் நடந்தது. 2000இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ப்ராஜெக்ட் ஜீரோ என்ற கல்வி ஆய்வுக் குழுவில் இருந்த எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும், 1950 முதல் வெளிவந்த 188 ஆய்வறிக்கைகளை மொத்தமாகப் போட்டுச் சலித்தார்கள். ஓவியம் கற்றதால்தான் மற்றப் பாடங்களில் மதிப்பெண் ஏறியது என்று சொல்ல நம்பத்தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை. இசைக்கும் வடிவங்களை மனசுக்குள் கையாளும் திறனுக்கும் தொடர்பு தெரிந்தது. வகுப்பில் கதையை நடிப்பது மொழித்திறனுக்கு நன்றாகவே உதவுகிறது என்பதும் தெரிந்தது. இரண்டு பேருமே கலைக்கல்விக்காக உழைத்தவர்கள், ஆனாலும் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். ஆகவே ஆதாரம்தான் வேண்டும் என்றால் நீங்கள் கதையை நடிக்கவைத்தீர்களே, அதை எடுத்துக் காட்டுங்கள், அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கணக்குக்காகத்தான் ஓவியம் என்று சொல்லி உள்ளே நுழைந்தால், கணக்கு மதிப்பெண் ஏறாத அன்றைக்கு ஓவியத்தை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

சரி, இது போதும். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதெல்லாம் இல்லை.

ஏனம்மா அந்த மரங்களைத் தொட்டீர்கள்?

கடிதத்தின் முக்கால்வாசியை மதிப்பெண்ணுக்கும் துடைக்கிற துணிக்கும் கொடுத்துவிட்டு, இதைக் கடைசியில் "இன்னொன்று" என்று போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதுதான் கடிதம். மற்றதெல்லாம் அதைச் சொல்லத் துணிச்சல் வரும்வரை நீங்கள் பேசிக்கொண்டிருந்தது என்று எனக்குப் படுகிறது. உங்கள் மனசுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் எழுதினீர்கள். அந்த அளவில் உங்கள்மேல் எனக்குப் பிரியம்தான். ஆனாலும் திட்டாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் படத்தை ஒருமுறை மனசில் கொண்டுவாருங்கள். மலை ஒரு முக்கோணம். இடதுபக்கச் சரிவில் இருந்த மரங்கள் இடதுபக்கம் சாய்ந்திருந்திருக்கும், வலதுபக்கச் சரிவில் இருந்தவை வலதுபக்கம். உச்சியில் ஒரு மரம் இருந்திருந்தால் அது மட்டும் நேராக நின்றிருக்கும். சரிதானே? நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அந்த வயதுப் பிள்ளைகள் பலரும் இப்படித்தான் வரைவார்கள். ஓட்டுக்கூரைமேல் புகைபோக்கி வரையச் சொன்னாலும் கூரையின் சரிவிலிருந்து அது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் 1948இல் இதைப் பற்றி விரிவாகவே எழுதினார்கள், மண்மேட்டில் குச்சி நடச்சொல்லியும் பார்த்தார்கள். ஏழு, எட்டு வயது, சிலருக்கு ஒன்பது வயதுவரைகூட இப்படித்தான் வருகிறது.

அந்தப் பிள்ளை என்ன செய்திருக்கிறான் என்று பாருங்கள். மரம் தரையில் நேராக நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். எந்தத் தரை? தாளின் அடிவிளிம்பு அவனுக்குத் தரை இல்லை, அந்த மரத்தின் காலடியில் இருக்கிற சரிவுதான் தரை. அந்தச் சரிவுக்கு நேராக, இரண்டு பக்கமும் ஒரே கோணம் இருக்கும்படி, ஒவ்வொரு மரத்தையும் நட்டிருக்கிறான். ஸ்கேல் இல்லை, கோணமானி இல்லை, செங்கோணம் என்ற சொல்லே இன்னும் சில வருடம் கழித்துத்தான் அவன் காதில் விழப்போகிறது. தாளில் அவன் கை போட்டுக்கொண்டே போனது செங்கோணம். கலை வழியாகக் கணக்கைக் கொண்டுவரவேண்டும் என்று ஆசைப்பட்ட நீங்கள், கணக்கு வந்து தாளில் நின்றபோது ரப்பரை எடுத்து அழித்திருக்கிறீர்கள். உங்கள் வழிகாட்டி ஆசிரியையிடம் காட்டுவதற்கு இதைவிட நல்ல படம் வேறு எது கிடைத்திருக்கும்?

எனக்குக் கோபம் இவ்வளவு வருவதற்குக் காரணம் ஒரு மேஜை.

எனக்கும் அப்போது ஏழு வயது. வகுப்பில் மேஜை வரையச் சொன்னார்கள். நடுவில் ஒரு சதுரம் போட்டு, நான்கு மூலைகளிலிருந்தும் நான்கு கால்களை நான்கு திசையில் நீட்டி வரைந்தேன், தரையில் அப்பிய பல்லி மாதிரி. அதற்கு முந்தின வாரம்தான் உருண்டுபோன பென்சிலை எடுக்க டீச்சரின் மேஜைக்கு அடியில் போயிருந்தேன். அங்கிருந்து பார்த்த மேஜை வேறு. மேல்பக்கம் பளபளப்பாக இருக்கும், அடிப்பக்கம் வண்ணமே பூசாமல் சொரசொரவென்று இருந்தது, ஒரு ஆணி வளைந்து நின்றது, யாரோ பென்சிலால் ஒரு எண் எழுதியிருந்தார்கள். நான்கு கால்களும் என்னைச் சுற்றி நான்கு பக்கமும் நின்றன. அந்த மேஜையைத்தான் வரைந்தேன். ஆணியையும் போட்டேன்.

டீச்சர் அன்பானவர். என்னைத் திட்டவே இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்து நகர்த்திவிட்டு, "இப்படித்தான் கண்ணா தெரியும்" என்று என் கோடுகளின்மேலேயே அழுத்தி ஒரு மேஜை போட்டார். முன்னால் இரண்டு கால் நீளமாக, பின்னால் இரண்டு கால் குட்டையாக, அதில் ஒன்று பாதி மறைந்து. ஆணி போன இடம் தெரியவில்லை. படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். அப்பா பார்த்துவிட்டு, "நீயா வரைந்தாய்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சந்தோஷப்பட்டு என் தலையைத் தடவினார், நான் அவர் கையிலிருந்து நழுவி ஓடிவிட்டேன். அந்தத் தடவலை நான் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று தெரிந்திருந்தது. அடுத்த வாரம் வரைய உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. டீச்சர் வந்து போட்டுக்கொடுக்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஆகவே உங்கள் பையன் தாளை நீட்டுவதைச் சோம்பேறித்தனம் என்றோ, ஊக்கம் குறைந்துவிட்டது என்றோ நினைத்துவிடாதீர்கள். அவன் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறான். அவன் வரைந்ததற்குப் பெயர் தப்பு, நீங்கள் வரைந்ததற்குப் பெயர் அவன் படம். பாராட்டு வந்ததும் நீங்கள் வரைந்ததற்குத்தான். அப்படியென்றால் முதலிலேயே நீங்கள் வரைந்துவிடுவதுதானே முறை? அவன் கேட்பதில் என்ன தவறு?

இதைப் படித்துவிட்டு, பிள்ளைகளுக்கு எதையுமே சொல்லிக்கொடுக்கக் கூடாது போலிருக்கிறது என்று இன்னொரு பக்கம் ஓடிவிடாதீர்கள். அப்படியும் ஒரு கூட்டம் இருக்கிறது. 1897இல் வியன்னாவில் ஃப்ரான்ஸ் சிசெக் பிள்ளைகளுக்காக ஓவிய வகுப்பு திறந்தார். பிள்ளைகளைத் திருத்தாதே, தானாக மலரவிடு என்பதுதான் அவர் பேச்சு, உலகமே கொண்டாடியது. ஆனால் அந்த வகுப்பில் வரைந்த படங்களைப் பார்த்தால் ஒரே குடும்பத்துச் சாயல் இருக்கும், அவருக்கு எது பிடிக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. தூரிகையை எப்படிக் கழுவுவது, இரண்டு வண்ணத்தைக் கலந்தால் என்ன வரும், களிமண்ணை எப்படி ஒட்டினால் காய்ந்தபிறகு விழாது, இதெல்லாம் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். மேஜை எப்படி வரைவது என்று பிள்ளை கேட்டால் அதையும் காட்டுங்கள். வேறு தாளில் காட்டுங்கள். காட்டியபிறகு உங்கள் தாளை மடித்து உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் தாளில் உங்கள் பென்சில் படக் கூடாது, ஒரு புள்ளிகூட, மேற்பார்வைக்கு யார் வந்தாலும் சரி. இதில் மட்டும் நான் இறங்கிவரமாட்டேன்.

பெட்டிகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன்.

ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்று ஒரு ஓவியர். ஜெர்மனியில் இருந்த பௌஹவுஸ் என்ற பேர்பெற்ற கலைப்பள்ளியில் படித்தவர். 1942 டிசம்பரில் அவரை நாஜிகள் இன்றைய செக் நாட்டில் இருக்கிற தெரெசின் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள், யூதர்களை அடைத்துவைத்து அங்கிருந்து சாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த இடம். அங்கே அவர் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். தாள் தட்டுப்பாடு, பயன்படுத்திய தாளின் பின்பக்கமெல்லாம் வரைந்திருக்கிறார்கள். படத்தில் பெயர் எழுதச் சொன்னார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களும் கொல்லப்பட்டார்கள். இரண்டு பெட்டிகள் மிஞ்சின. அவற்றில் ஏறக்குறைய 4,500 படங்கள். இப்போது ப்ராக் நகரத்தின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வீடு, பூ, படுக்கை, வண்ணத்துப்பூச்சி. கோணலான வீடுகள்தான். ஓரத்தில் பிள்ளையின் கையெழுத்தில் பெயர்.

தன் கைத்திறமையைக் காட்டத் தெரியாதவர் இல்லை அவர். நினைத்திருந்தால் அந்த வீடுகளை எவ்வளவு அழகாக நிமிர்த்தியிருக்கலாம். நிமிர்த்தியிருந்தால் இன்றைக்கு அந்தப் பெட்டிகளில் அந்தப் பிள்ளைகள் யாரும் இருந்திருக்கமாட்டார்கள், அவர் மட்டும்தான் இருந்திருப்பார்.

உங்கள் தலையில் இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றிவைக்கிறேன் என்று தெரிகிறது. மேற்பார்வைக்கு ஆள் வருகிறார், சுவர் நன்றாக இருக்கவேண்டும், மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது. அந்த ராத்திரி வகுப்பறையில் உங்களுக்கு என்ன பயம் இருந்திருக்கும் என்று புரியாமல் இல்லை. உங்கள் தாளிலும் யாரோ கோடு போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

நாளைக்கு முதல் வேலையாக அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுங்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "இந்த மரமெல்லாம் நான் வரைந்தது, உன்னிடம் கேட்காமல் உன்னுடையதை அழித்துவிட்டேன், அது தப்பு" என்று சொல்லுங்கள். நீட்டி முழக்காதீர்கள், அழாதீர்கள், அவன் உங்களைத் தேற்றவேண்டிய நிலைமைக்குக் கொண்டுபோகாதீர்கள். படத்தை அவனிடமே கொடுத்துவிடுங்கள், கிழித்துப் போட்டாலும் போடட்டும். அன்றைக்கே வரையச் சொல்லாதீர்கள்.

இரண்டு நாள் போகட்டும். அப்புறம் வகுப்பு முழுவதற்கும் ஈரக் களிமண் கொடுத்து மலை செய்யச் சொல்லுங்கள், சின்னச் சின்னக் குச்சிகளை மரமாக நடச்சொல்லுங்கள். பாதிப்பேர் சரிவுக்குச் செங்கோணமாக, வெளிப்பக்கம் சாய்த்துத்தான் நடுவார்கள், அவனும் அப்படியே நடலாம். ஒரு நூலில் சின்னக் கல்லைக் கட்டி ஆளுக்கொன்று கொடுங்கள். மலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நூல் எப்போதும் ஒரே பக்கம்தான் தொங்குகிறது என்று யாராவது ஒரு பிள்ளை கத்தும். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். சிலர் குச்சியைப் பிடுங்கி நூலோடு ஒட்டிவைத்து மறுபடி நடுவார்கள், சிலர் சாய்வாகவே விட்டுவிடுவார்கள்.

அவன் எப்படி நட்டான், நட்டுவிட்டு என்ன சொன்னான் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், நீங்கள் திருத்தவேண்டாம்.

அன்புடன்.